பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்களே, முதலில் வாத்தியத்தைக் கீழே வையுங்கள்

இசை படிக்கிற பிள்ளைகளிடம் ஒரு பல்லவி எழுதிக்கொண்டு வரச் சொன்னால் அநேகமாக எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கிடாரையோ கீபோர்டையோ எடுத்து நாலு கார்டைச் சுழலவிடுகிறார்கள், அதன்மேல் ஒரு மெட்டு பிடிக்கிறார்கள், மெட்டு பிடித்துப்போனதும் நிலா, வானம், கனவு, நெஞ்சம் என்று பார்க்க அழகாக இருக்கிற சொற்களை எடுத்து அதில் அடுக்குகிறார்கள். கர்நாடக சங்கீதம் படித்து வருகிறவர்கள் கார்டுக்குப் பதில் ராகத்தில் தொடங்குவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பாடிக் காட்டும்போது மெட்டு நன்றாகத்தான் இருக்கும், தாளம் பிசகாது, ஆனால் கேட்டு முடித்ததும் ஒரு வரிகூட மனதில் நிற்காது. என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

திறமை இல்லாமல் இப்படி நடக்கவில்லை. சுருதி ஒரு இம்மி இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுகிற காதுகள் இவை. அந்தக் காதை இதுவரை யாரும் பேச்சின் பக்கம் திருப்பிவிடவில்லை. நாம் பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஏற்ற இறக்கம் இருக்கிறது, நீளம் குறுமை இருக்கிறது, மூச்சு விடுகிற இடம் இருக்கிறது. பாதி மெட்டு அங்கேயே கிடக்கிறது. பாட்டு எழுதச் சொல்லித்தருவது என்றால் என்னைப் பொறுத்தவரை முக்கால்வாசி வேலை இதுதான்: ஸ்வரத்தைக் கேட்கிற அதே கவனத்தோடு பேச்சைக் கேட்க வைப்பது. கற்பனை, உத்வேகம் என்கிற பேச்சையெல்லாம் நான் வகுப்பில் எடுப்பதே இல்லை. அது வருகிறவர்களுக்கு வரும், வராதவர்களுக்கும் நல்ல பாட்டு எழுத வழி இருக்கிறது.

அதனால் முதல் வகுப்பில் வாத்தியங்களை ஓரமாக வைத்துவிடச் சொல்வேன். யாராவது ஒருவர் சாதாரணமான ஒரு வாக்கியம் சொல்லவேண்டும், மற்றவர்கள் அதன் தாளத்தைக் கையால் தட்டவேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. கொஞ்சம் சிரிப்பார்கள், அப்புறம் ஆர்வம் வந்துவிடும். "சொல்லிவிடு" என்று சொல்லிப் பாருங்கள். சொல் என்பது கனமான அசை, இரண்டு மாத்திரை, அதாவது இரண்டு குறில் சொல்கிற நேரம் எடுத்துக்கொள்கிறது, மிச்சம் மூன்றும் குறில், ஆக ஐந்து. ஐந்தைந்தாக ஓடுகிற கண்ட நடை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. "எழுதிவிடு" என்றால் ஐந்தும் குறில், அப்படியே தகதகிட. "போக வேண்டாம்" என்று யாரையாவது தடுத்துப் பாருங்கள், போக மூன்று, வேண்டாம் நான்கு, தகிட தகதிமி, ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ரம். வருடக்கணக்காக மிஸ்ர சாபு போட்டுப் பழகிய மாணவிகள்கூட இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் "பேச வேண்டாம், தூங்க வேண்டாம், பார்க்க வேண்டாம்" என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். தாங்கள் தினம் பேசுகிற பேச்சுக்குள் இந்தக் கணக்கு இருந்தது என்பது அவர்களுக்கு நிஜமாகவே புதிய செய்தி.

இங்கே கொஞ்சம் இலக்கணம் தேவைப்படுகிறது, பயப்படவேண்டாம். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு. சந்தக் கணக்கில் குறிலுக்குப் பின்னால் ஒரு ஒற்று வந்தால் அதற்கும் நெடிலின் எடை வந்துவிடுகிறது. கா, கண், காண் மூன்றும் இரண்டுதான். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வருகிற ஐ குறுகி ஒன்றாக நிற்கும். இவ்வளவு தெரிந்தால் போதும், எந்த மெட்டையும் தத்தகாரமாக, அதாவது தான தந்தன மாதிரியான பொருளில்லாத அசைகளாக எழுதிவிடலாம். தத்தகாரம் போடுவதைப் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களிடம் திருப்புகழ்ப் பதிப்பு ஒன்றைத் திறந்து காட்டுவேன். பதினைந்தாம் நூற்றாண்டில் பாடியவை அந்தப் பாட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் தனதன தந்தன என்று சந்தக் குழிப்பு அச்சிட்டிருக்கும். மூல மெட்டுகள் நம் கைக்கு வராமல் போனாலும் அந்தக் குழிப்பை வைத்து இன்றைக்கும் புதிதாக மெட்டமைத்துப் பாடுகிறார்கள் என்றால், சொற்களின் நீளமே எவ்வளவு தாளத்தைச் சேமித்து வைத்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளத்தை மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு பையன் "மலையோரம்" என்று தொடங்குகிற ஒரு வரி எழுதினான். மெட்டின் முதல் ஸ்வரம் இரண்டு மாத்திரை நீளம், இரண்டாவது ஒன்று. அவன் காகிதத்தில் மலை இருக்கிறது, கேட்கிறவர்கள் காதில் மாலை விழுகிறது. நம் மொழியில் நீளம் மாறினால் சொல்லே மாறிவிடும். படம் பாடம் ஆகும், கல் கால் ஆகும், தடை தாடை ஆகும். அதற்காகக் குறிலை நீட்டவே கூடாது என்று சொல்லமாட்டேன். விளம்ப காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், எல்லாமே நீளத்தான் செய்யும், பக்கத்தில் இருக்கிற நெடில் அதைவிட அதிகம் நீண்டால் காது விகிதத்தைப் பிடித்துக்கொண்டு சரியான சொல்லையே கேட்கும். இந்த நுணுக்கத்தை விதியாகச் சொல்வதைவிட, அதே வரியை மூன்று வேகத்தில் பாடவைத்து எங்கே மலை மாலையாகிறது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் செய்வது நல்லது.

சரி, இனி நிஜமாக ஒரு வரி எழுதுவது.

நான் கொடுத்த சந்தம் "தான தந்தனா தான தந்தனா". கொடுத்துக் கொஞ்ச நேரத்துக்குள் ஒரு மாணவி "ஓடி வந்ததே தேடி நின்றதே" என்று எழுதிவிட்டாள். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது, எதுகைகூட இருக்கிறது. எது ஓடி வந்தது, எதைத் தேடி நின்றது என்று கேட்டேன். பதில் இல்லை. சந்தத்தை நிரப்புவது மட்டும் குறி என்றால் தமிழ் ரொம்பத் தாராளமான மொழி, வினைச்சொற்களின் கடைசியில் ஏ போட்டுக்கொண்டே போனால் ஒரு பாட்டு முழுக்க எழுதி முடித்துவிடலாம், அதில் ஒரு செய்தியும் இருக்காது. அதனால் சந்தத்தை மறந்துவிட்டு இந்த வாரம் உனக்கு நடந்த ஏதாவது ஒன்றை ஒரே வாக்கியத்தில் சொல் என்றேன். "வெளியே போயிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தா பையில சாவி இல்ல சார்" என்றாள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து அதைத் தட்டிப் பார்த்தோம், நீளமாக இருந்தது, தேவையில்லாததை ஒவ்வொன்றாக எடுத்தோம். வெளியே போனது வேண்டாம், வீட்டுக்கு வந்தாலே வெளியே போனது புரிந்துவிடுகிறது. பை வேண்டாம். பார்த்தது வேண்டாம். மிஞ்சியது:

வீடு வந்ததும் சாவி இல்லையே.

எண்ணிப் பாருங்கள். வீடு மூன்று, வந்த மூன்று, தும் இரண்டு. சாவி மூன்று, இல்லை மூன்று, யே இரண்டு. இரண்டு பாதியிலும் 3, 3, 2 என்று எட்டு எட்டாக வருகிறது. ஒரு மாத்திரைக்கு அரை அட்சரம் கொடுத்தால் முதல் பாதி ஆதி தாளத்தின் முதல் நாலு அட்சரமான லகுவிலும் இரண்டாம் பாதி இரண்டிரண்டு அட்சரமான இரண்டு துருதங்களிலும் வந்து உட்கார்ந்து ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, முடிகிறது. அவள் பேச்சில் இருந்த பதற்றமும் அந்த 3, 3, 2 ஓட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு முறை தட்டிவிட்டு மூன்றாவது முறை சட்டென்று நின்றுவிடுகிறது.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு பல வகுப்புகள் ஓட்டமுடிந்தது. முதலில் வரிசை. "சாவி இல்லையே வீடு வந்ததும்" என்று மாற்றினாலும் மாத்திரை மாறாது, தாளம் மாறாது, ஆனால் வரி செத்துவிடுகிறது. தமிழ் வாக்கியத்தில் விஷயம் கடைசியில்தான் உடையும், இல்லை என்பது கடைசி நொடிவரை தெரியாது. அந்தக் காத்திருப்பை மெட்டு பயன்படுத்திக்கொள்ளலாம். பாட்டு என்றாலே சொற்களை முன்பின்னாகப் புரட்டிப் போடவேண்டும் என்று ஒரு பழக்கம் மாணவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது, "மறந்தேன் உன்னை", "வந்தாய் நீயே" என்று. அதற்கும் இடம் உண்டு, மறந்தேன் என்பதை அறைந்து சொல்லவேண்டிய இடத்தில் அது சரி. காரணம் இல்லாமல் புரட்டினால் மனிதர் பேசுகிற மாதிரியே இருக்காது.

அடுத்தது உச்ச ஸ்வரம். அவள் முதலில் போட்ட மெட்டில் மேல் ஸ்தாயி "வீடு" என்பதில் விழுந்தது. பாடும்போது தொண்டை நெருக்கியது. உயரத்தில் ஈ, ஊ போன்ற உயிர்களைத் திறந்து பாடுவது கஷ்டம், ஆ, ஓ, ஏ சுலபம். அகார சாதகம், அதாவது ஆ என்றே ஸ்வரங்களைப் பாடிப் பழகுகிற பயிற்சி செய்த எல்லோருக்கும் உடம்பில் இது தெரியும், எழுதும்போது மட்டும் ஞாபகம் வருவதில்லை. உச்சத்தை "சாவி" மேல் நகர்த்தினோம். ஆகாரம் திறந்துகொண்டது, அதோடு வரியின் முக்கியமான சொல்லும் அங்கேதான் இருக்கிறது. குரலுக்கு வசதியான இடமும் பொருளுக்கு முக்கியமான இடமும் ஒன்றாக அமைவது எப்போதும் நடக்காது, நடக்கிறபோது பிடித்துக்கொள்ளவேண்டும். மாணவர் பாட்டுகளில் நான் அடிக்கடி பார்ப்பது, மெட்டின் மிக அழகான ஸ்வரத்தில் "அந்த", "என்", "ஒரு" மாதிரியான சொற்கள் உட்கார்ந்திருப்பது. அந்த இடத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று வட்டம் போடச் சொல்வேன். வட்டத்துக்குள் "அந்த" இருந்தால் வரியைத் திருப்பி எழுதத்தான் வேண்டும்.

மெய்யெழுத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். தந்த, தத்த இரண்டுக்கும் மாத்திரை ஒன்றுதான், வாயில் நடப்பது வேறு. தந்தவில் ந் ஒலித்துக்கொண்டே இருக்கலாம், ஸ்வரத்தைப் பிடித்துவைக்க முடியும். தத்தவில் மூச்சு ஒரு கணம் அடைபடுகிறது, அங்கே ஸ்வரத்தை அசைக்கிற கமகமும் முடியாது நீட்டலும் முடியாது. நீட்டவேண்டிய இடத்தில் "சொந்தம்", "தென்றல்" மாதிரி மெல்லின ஒற்று உள்ள சொற்கள் உதவும். மிருதங்கமோ டிரம்ஸோ அடிக்கிற இடத்தில் "பட்டு", "முத்து", "சொக்கி" எல்லாம் கூடவே ஒரு அடி போடும். சோகப் பாட்டு எழுதுகிறேன் என்று வல்லின ஒற்றுகளாக அள்ளிப் போட்டு, ஏன் இது கோபமாகக் கேட்கிறது என்று கேட்டவர்கள் உண்டு.

எதுகை மோனையை நான் கொஞ்சம் பிந்தித்தான் எடுப்பேன். தெரிந்துவிட்டால் அதற்காகவே எழுத ஆரம்பித்துவிடுவார்கள். எடுக்கும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன்: வரிக் கடைசியில் வருகிற இயைபு தமிழில் ரொம்ப மலிவு. கிறேன், கிறாய், கிறதே என்று விகுதிகள் ஒத்துப்போவதற்கு எழுதுகிறவர் எதுவும் செய்யவேண்டியதில்லை, இலக்கணமே செய்து கொடுத்துவிடுகிறது. நம் முன்னோர்கள் இரண்டாம் எழுத்தைப் பிடித்துக்கொண்டதில் காரணம் இருக்கிறது, அங்கே சொல்லின் வேரே ஒத்துப்போகவேண்டும், அதற்கு உழைக்கவேண்டும். முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்கவேண்டும் என்கிற விதியை மாணவர்கள் முதலில் தொந்தரவாக நினைப்பார்கள். பட்டுக்குக் கட்டு எதுகை, காட்டு ஆகாது. பாடிப் பார்த்தால் தெரியும், அளவு மாறினால் தாளத்தில் இரண்டாம் எழுத்து விழுகிற இடமே தள்ளிப்போய்விடுகிறது, காது அந்த ஒற்றுமையைப் பிடிக்காது.

மூச்சு விடுகிற இடமும் முக்கியம். "கண்ணாடி முன்னே" என்று எழுதிவிட்டு மெட்டில் "கண்ணா" என்பதற்குப் பிறகு ஒரு இடைவெளி வைத்தால் கேட்கிறவர்கள் யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொள்வார்கள், அப்புறம் "டி முன்னே" என்று வந்து குழப்பும். செய்யுளில் இதற்கு வகையுளி என்று பெயரே இருக்கிறது. காகிதத்தில் கண் பார்த்துச் சேர்த்துக்கொள்ளும். பாட்டில் காதுக்கு அந்த வசதி கிடையாது.

இதையெல்லாம் திருத்துவதற்கு எனக்குத் தெரிந்து மிகவும் பலன் தருகிற பயிற்சி ஒன்று உண்டு. எழுதியவர் காகிதத்தை யாரிடமும் காட்டக்கூடாது. ஒரு முறை, ஒரே ஒரு முறை பாடவேண்டும். கேட்கிறவர்கள் தங்கள் காதில் விழுந்ததை அப்படியே எழுதவேண்டும், பொருள் வருகிறதோ இல்லையோ. பிறகு எல்லாக் காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எங்கே நாலு பேர் நாலு விதமாக எழுதியிருக்கிறார்களோ அங்கே வரியில் கோளாறு. நீளமோ, மூச்சோ, மெய்யோ, ஏதோ ஒன்று மெட்டோடு சண்டை போடுகிறது. நான் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை, "நீங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை" என்று யாரும் வாதாடவும் முடியாது. எழுத்தை எடுத்துக்கொண்டு வாசித்துக் கருத்துச் சொல்கிற கவிதை வகுப்பு முறையைப் பாட்டுக்குக் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாசிக்கும்போது நன்றாக இருக்கிற வரி பாடும்போது விழுந்துவிடும், வாசித்தால் சப்பென்று இருக்கிற வரி பாடும்போது எழுந்து நிற்கும். சாவி இல்லாத அந்த வரியையே காகிதத்தில் மட்டும் பார்த்தால் யார் மதிப்பார்கள்?

ஏற்கெனவே இருக்கிற பாட்டின் மெட்டுக்குச் சொற்கள் எழுதிப் பழகலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்கள், அதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை. ஒரே நிபந்தனை, மூலப் பாட்டின் ஒரு சொல்கூட வரக்கூடாது, அதன் உணர்ச்சியும் வரக்கூடாது. தாலாட்டு மெட்டுக்கு ஒரு சண்டை எழுது என்று சொல்வேன். அப்போதுதான் மெட்டுக்குள் இருக்கிற எலும்பு தெரியும்.

லூப் போட்டு அதன்மேல் எழுதுவதைத்தான் தள்ளிப்போடச் சொல்கிறேன். நாலு பார் முடிந்ததும் திரும்பி வருகிற சுழற்சி ஒவ்வொரு வரியையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிடும், சொல்ல வந்தது பாதியில் முடிந்துவிட்டால் மீதியை "ஓ" போட்டு நிரப்பவேண்டியிருக்கும். வரி தன் நீளத்தைக் கண்டுபிடித்த பிறகு லூப்பை அதற்கு ஏற்ற மாதிரி அமைத்துக்கொள்ளலாம், தடையே இல்லை.

பாட்டின் கட்டமைப்பைப் பற்றி நிறையப் பேசமாட்டேன், பல்லவி அனுபல்லவி சரணம் எல்லாம் இசை மாணவர்களுக்குத் தெரிந்ததுதான். அவர்கள் யோசித்திராத ஒன்றை மட்டும் கேட்பேன்: பல்லவி திரும்பி வருகிறதே, எதற்கு? மெட்டுக்காக என்றால் அது பாதி பதில். சரணம் ஏதாவது ஒன்றைச் செய்திருந்தால், அதே பல்லவி திரும்பி வரும்போது வேறு பொருளோடு வரவேண்டும். அந்த மாணவியின் முதல் சரணத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்து வீட்டில் விசாரிக்கிறாள், வழக்கமாகக் கதவைத் திறக்கிற அம்மா இல்லை, பல்லவி வருகிறது, சின்ன எரிச்சல்தான். இரண்டாவது சரணம் எழுதமுடியாமல் ரொம்ப நாள் தடுமாறினாள். பக்கத்து வீட்டுக்காரர், மழை, பூட்டுக்காரர் என்று முதல் சரணத்தையே நீட்டிக்கொண்டிருந்தாள். காலத்தை நகர்த்திப் பார் என்று மட்டும் சொன்னேன். கொண்டுவந்த சரணத்தில் வீடு கைமாறிப் பல வருடம் ஆகியிருந்தது, பழக்கத்தில் கால் அந்தத் தெருவுக்குத் திரும்பியிருந்தது. அப்புறம் அதே எட்டு எட்டு மாத்திரை வரி, ஒரு எழுத்து மாறவில்லை, மெட்டும் மாறவில்லை. வகுப்பில் அதைக் கேட்ட எல்லோருக்கும் பல்லவி எதற்குத் திரும்பி வருகிறது என்பது புரிந்துபோனது.

சொல்லித்தருகிறவர்களுக்கு ஒன்று. மாணவரின் வரியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். நம் கையில் உடனே ஒரு நல்ல சொல் இருக்கும், நாக்கு நுனியில் துடிக்கும், அடக்கிக்கொள்ளவேண்டும். கொடுத்துவிட்டால் அடுத்த வரிக்கும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், கொஞ்ச நாளில் வகுப்பு முழுக்க உங்கள் குரலிலேயே எழுத ஆரம்பித்துவிடும். நான் செய்வது காது இடறுகிற இடத்தில் ஒரு கோடு போடுவது மட்டும். ஏன் இடறியது என்பதையும் முடிந்தவரை அவர்களே தட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும். பாட்டு முடிந்த பிறகு அதை எழுதியவர் பாடாமல் வகுப்பில் வேறு யாராவது பாடவேண்டும் என்பதையும் கட்டாயமாக வைத்திருக்கிறேன். எழுதியவர் தன் குரலால் பாட்டின் பலவீனத்தையெல்லாம் மூடிவிடுவார், எந்த இடத்தில் கொஞ்சம் முந்தவேண்டும், எங்கே விழுங்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இன்னொருவருக்கு அது தெரியாது, எழுதியிருப்பதை மட்டும்தான் பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு எழுதியவர் தானாகவே பென்சிலைத் தேடுவார், அப்போது மட்டும் கீபோர்டையும் எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.